எபெனில் ட்ரெய்னியாகச் சேர்ந்து தலைமைக்கு வருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் சாஃப்ட்வேர் வேலை என்றால் பெரும்பாலும் எபென்தான். கரும்பு விளைந்த நிலத்தில், இந்தியாவின் கடனுதவியோடு 2000-களின் தொடக்கத்தில் எழுந்த சைபர் சிட்டி. 2023 முதல் ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவிலேயே அங்கே போய் இறங்கலாம். அங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் இரண்டு வகை உண்டு. இங்கேயே பிறந்து, பள்ளியில் தமிழ் படித்து, வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி) பேசுபவர்கள் ஒரு வகை. சென்னை, கோவை, மதுரையிலிருந்து வேலை அனுமதியோடு வந்தவர்கள் இன்னொரு வகை. கோயிலிலும் கேன்டீனிலும் இரு தரப்பும் என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன். நான் இங்கே டெவலப்பராகச் சேர்ந்து இப்போது குழுக்களை நடத்துபவன். மனிதவளத் துறைக்காரர் பதில் வேறு மாதிரி இருக்கலாம்.

ட்ரெய்னிக்கு மேலே என்னென்ன படிகள் இருக்கின்றன?

ட்ரெய்னி, ஜூனியர் டெவலப்பர், டெவலப்பர் (பழைய கம்பெனிகளில் அனலிஸ்ட் புரோகிராமர்), சீனியர், டீம் லீட். அதற்கு மேல் பாதை பிரியும். தொழில்நுட்பப் பக்கம் போனால் ஆர்க்கிடெக்ட். ஆட்கள் பக்கம் போனால் ப்ராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர், கடைசியில் மொரீஷியஸ் கிளைக்கே பொறுப்பாளர்.

பதவிப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்துப் பேர் கம்பெனியில் ஒருவர் சிடிஓ (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) என்று கார்டு அடித்து வைத்திருப்பார். ஐந்நூறு பேர் கம்பெனியில் வெறும் சீனியர் என்று இருப்பவர் அவரைவிடப் பெரிய பொறுப்பைச் சுமந்துகொண்டிருப்பார். ஒருவர் உண்மையில் தலைவரா என்று பார்க்க நான் மூன்று விஷயம் கேட்பேன். ரிலீஸ் (வாடிக்கையாளருக்குப் போகும் புதிய வெர்ஷன்) இன்று போகலாமா வேண்டாமா என்று சொல்பவர் யார்? வாடிக்கையாளர் கோபப்பட்டால் யாருக்கு போன் வரும்? ஆள் எடுக்கும்போது யார் தலையசைத்தால் எடுக்கிறார்கள்? இந்த மூன்றில் ஒன்றிலாவது உங்கள் பெயர் வந்துவிட்டால் நீங்கள் ஏற ஆரம்பித்துவிட்டீர்கள், கார்டில் என்ன போட்டிருந்தாலும் சரி.

எத்தனை வருடம் ஆகும்?

டீம் லீட் ஆக ஐந்தாறு வருடம் என்பது நான் பார்த்த வழக்கம். மூன்று வருடத்தில் ஆனவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அவசரத்தில் ஏற்றப்பட்டவர்கள், முந்தைய லீட் திடீரென்று விலகியிருப்பார். உச்சிக்குப் போக எவ்வளவு என்று கேட்டால், சத்யா நாதெள்ளா மைக்ரோசாஃப்டில் சேர்ந்தது 1992-இல், தலைமைச் செயல் அதிகாரி ஆனது 2014-இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

டெவலப்பர் வேலை கிடைக்காமல் டெஸ்டிங்கில் சேர்ந்தேன். இதிலிருந்து மேலே வர முடியுமா? சப்போர்ட்டில் இருக்கும் தோழியும் இதையே கேட்கிறாள்.

முடியும். சொல்லப்போனால் இந்த ஊரில் அது நல்ல வாசல். காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் ஒரு குழுவில் டெஸ்டராகச் சேர்ந்த பெண் ஒருவர். மொரீஷியஸில் ஆண்டு இறுதி போனஸ் சட்டப்படி கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் 75 சதவீதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே கையில் வந்துவிட வேண்டும், மீதி ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள். டெவலப்பருக்கு வந்த டிக்கெட்டில் (வேலைக் குறிப்பில்) இரண்டே வரி: போனஸைக் கணக்கிடு, இரண்டு தவணையாகப் பிரி. அவரும் எழுதி முடித்துவிட்டார். டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன.

அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். ‘முதல் தவணை கொடுக்கிற நாளில் டிசம்பர் மாத ஓவர்டைம் இன்னும் கணக்குக்கு வந்திருக்காது. அப்படியானால் அன்று நாம் காட்டுகிற மொத்த போனஸ் ஓர் உத்தேசம்தான். இரண்டாவது தவணையில் மீதி 25 சதவீதம் என்று போட்டால் தப்பாகிவிடும். உண்மையான போனஸிலிருந்து ஏற்கெனவே கொடுத்ததைக் கழிக்க வேண்டும். மார்ச்சில் சேர்ந்தவருக்கு என்ன? ஜூலையில் சம்பளம் உயர்ந்தவருக்கு என்ன? நடுவில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தவருக்கு?’

ஒரு வரி கோடுகூட (நிரல்) அவர் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு போனஸ் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் அவர் மேஜைக்குத்தான் போனார்கள். 2024 டிசம்பரில் அரசு திடீரென்று 14-ஆம் மாத போனஸுக்கு (ஆண்டு இறுதி போனஸுக்கு மேல் இன்னொன்று) சட்டம் கொண்டுவந்தபோது, வருடக் கடைசியில் எல்லா சம்பளக் கணக்கு மென்பொருளையும் அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது நினைவிருக்கும். அந்தக் குழுவில் யார் எதைச் செய்வது என்று பிரித்துக் கொடுத்தவர் அவர்தான். பதவி உயர்வுக் கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

டெஸ்டரும் சப்போர்ட்காரரும் பொருள் எங்கே உடைகிறது என்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள். பெரும்பாலான டெவலப்பர்களுக்குத் தங்கள் பகுதி மட்டும்தான் தெரியும். அந்த அறிவைத் தாளில், மெயிலில், டிக்கெட்டில் எழுதி வையுங்கள். வாயால் சொன்னது கூட்டம் முடிந்ததும் காற்றோடு போய்விடும். சப்போர்ட்டில் இருக்கும் தோழிக்கு ஒரு யோசனை: ஒரே புகார் மூன்றாவது தடவை வந்ததும் அதை மூடிவிட்டு நகராமல், மூன்றையும் சேர்த்து, காரணத்தை ஊகித்து ஒரு பக்கம் எழுதி டெவலப்மென்ட் லீடுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இதைச் செய்தாலே போதும், அவர் யார் என்று அந்தத் தளம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

முதல் வருடத்தில் என்ன செய்ய வேண்டும்?

கேட்ட வேலையைச் சொன்ன நாளில் முடியுங்கள். முடியாது என்றால் அந்த நாள் வருவதற்கு முன்பே சொல்லுங்கள். அப்புறம், மற்றவர்கள் எழுதிய கோடைப் படியுங்கள், நிறைய. புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய ரிவ்யூ கமென்ட்டை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ‘இந்த இடத்தில் நல் (null, மதிப்பே இல்லாத வெற்றிடம்) வந்தால் என்ன ஆகும்?’ என்று ஒரே ஒரு நல்ல கேள்வி இருந்தாலும் சீனியர்கள் கவனிப்பார்கள்.

எங்கள் தலைமையகம் பாரிஸில். முடிவெல்லாம் அங்கேதான் எடுக்கிறார்கள். இங்கே நாங்கள் வெறும் கைகால். இதில் தலைமைக்கு எங்கே இடம்?

எனக்கு வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எபெனில் இருக்கும் அலுவலகங்களில் பல, வெளிநாட்டுக் கம்பெனியின் கிளைகள். பாரிஸ், லண்டன், டொரண்டோ, ஜோகன்னஸ்பர்க். என்ன செய்வது என்று அங்கே தீர்மானித்து, எப்படிச் செய்வது என்று இங்கே அனுப்புவார்கள். இந்த அமைப்பில் நீங்கள் எவ்வளவு நன்றாகக் கோடு எழுதினாலும் ஒரு கட்டத்தில் ஏணி முடிந்துவிடும். மேலே இருக்கும் நாற்காலி இந்தத் தீவில் இல்லை. அதனால் முடிவெடுக்கும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே இழுத்துக்கொண்டு வர வேண்டும். இதை நான் பார்த்த ஒவ்வொரு நல்ல லீடும் செய்திருக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ.

இழுப்பதற்கு முதல் கருவி கடிகாரம். நாம் பாரிஸுக்குக் கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் முன்னால் இருக்கிறோம். (கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை நம் ஊரிலும் 2008-இல் ஒரு தடவை முயன்று பார்த்து, அடுத்த வருடமே விட்டுவிட்டார்கள். நல்லதுதான்.) அங்கே காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து உட்காரும்போது இங்கே பதினொன்று அல்லது பன்னிரண்டு. காலை எட்டரைக்கு ஒரு பிரச்சினை வெடித்தால், பாரிஸ்காரர் காபி குடித்து முடிக்கும் வரை மூன்று மணி நேரம் நம் கையில்தான் எல்லாம். பெரும்பாலான குழுக்கள் அந்த நேரத்தை ‘அவர்கள் வரட்டும்’ என்று வீணடிக்கும். அந்த நேரத்தில் லாகை (கணினி தானாக எழுதி வைக்கும் பதிவை) பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று இரண்டு வழிகளையும் எழுதி வைக்கிறவர்தான் அடுத்த லீட்.

இரண்டாவது கருவி மெயில். இரண்டு விதமாக எழுதலாம்.

ஒன்று: ‘வணக்கம், கோப்பு இறக்குமதி வேலை நேற்று இரவு நின்றுவிட்டது. என்ன செய்யட்டும்?’

இன்னொன்று: ‘வணக்கம், கோப்பு இறக்குமதி வேலை நேற்று இரவு 2.10-க்கு நின்றது. ஒரு வாடிக்கையாளரின் கோப்பில் தேதி வடிவம் மாறியிருக்கிறது. அந்த ஒரு கோப்பை ஒதுக்கிவிட்டு மீதியை உங்கள் நேரம் 10.30-க்கு மறுபடி ஓட்டப் போகிறேன். அந்த வாடிக்கையாளருக்கு எழுத வேண்டிய பதிலை இணைத்திருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.’

இரண்டாவது மெயிலைப் படிக்கும் பாரிஸ் மேனேஜருக்கு ‘சரி’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேலை இல்லை. பத்து முறை அப்படி ‘சரி’ சொன்னவர் பதினோராவது முறை மெயிலையே திறக்க மாட்டார். அதற்கப்புறம் அந்தப் பகுதி உங்களுடையது. அதிகாரத்தை யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதில்லை. ஆனால் சுமையை இறக்கி வைக்க எல்லா மேனேஜரும் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, சற்றுக் கடினமானது. புதிய வேலை வரும்போது எப்படிச் செய்வது என்ற வடிவமைப்புக் குறிப்பை நீங்கள் முதலில் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். பிரச்சினை, சாத்தியமான வழிகள், நாம் பரிந்துரைப்பது, அதிலுள்ள ஆபத்து. முதல் குறிப்பைச் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும். திருத்தப்படுவது உங்கள் குறிப்பு என்பதே முன்னேற்றம்தான். அதுவரை அவர்கள் எழுதியதை நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லை மீறக் கூடாத இடங்கள் உண்டு: பணம், வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல், ஒப்பந்தம். மொரீஷியஸில் 2017-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் அவர்கள் சட்டமும் சேரும். இங்கே முன்கூட்டி அனுமதி வாங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அண்ணா, நான் கோவையிலிருந்து வந்தவன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அது தடையா?

டெவலப்பராக இருக்கும்வரை தடை இல்லை. லீட் ஆகும்போது தெரியும். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், வாடிக்கையாளர் பிரெஞ்சில் பேசுவார், சாப்பாட்டு மேஜையில் கிரியோல் ஓடும். உண்மையான முடிவுகளில் பாதி அந்த மூன்றாவது இடத்தில்தான் எடுக்கப்படுகின்றன. தால் பூரி வண்டி முன்னால் வரிசையில் நிற்கும்போது ‘அந்த ரிலீஸைத் தள்ளிவிடலாமே’ என்று யாரோ கிரியோலில் சொல்வார், உங்களுக்குப் புரியாது, மாலையில் மெயிலில்தான் தெரியவரும்.

அதனால் முதலில் கிரியோலைப் பிடியுங்கள். வகுப்பு வேண்டாம், பேசப் பேச வரும், தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், ஆனால் சேர்த்துக்கொள்வார்கள். அது வந்துவிட்டால் பிரெஞ்சு காதில் விழுவது பாதி புரிய ஆரம்பிக்கும். பிரெஞ்சை முறையாகப் படிப்பது அதற்கப்புறம்.

இங்கே பிறந்தவர்களின் சிக்கல் வேறு. மூன்று மொழியும் சரளமாக வரும், ஆனால் எழுதும்போது தயக்கம். மீட்டிங்கில் பத்து நிமிடம் அழகாக விளக்கியவர், அதையே மெயிலில் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். தொலைவில் இருக்கும் மேலாளருக்கு நீங்கள் என்றால் உங்கள் எழுத்துதான்.

லீட் ஆகிவிட்டேன். நேற்றுவரை என்னோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இன்று என் குழு. எப்படி நடந்துகொள்வது?

இது சின்ன தீவு. உங்கள் குழுவில் ஒருவர் உங்கள் சித்தப்பா மருமகனாக இருப்பார், இன்னொருவரின் அம்மாவும் உங்கள் அம்மாவும் ஒரே கோயிலில் பூ கட்டுவார்கள். ஆகவே ‘இனி நான் மேனேஜர்’ என்று விறைப்பாக இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். எதுவும் மாறாதது போல் நடித்தாலும் தப்பு. மாறியிருக்கிறதே!

முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். ‘உனக்கு எந்த வேலை பிடிக்கவில்லை, எதைக் கற்றுக்கொள்ள ஆசை, என்னிடம் எதை எதிர்பார்க்கிறாய்’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டு உங்களிடம் இழந்தவர் ஒருவர் இருப்பார். அவரோடு முதலில் பேசுங்கள். வருத்தத்தை மறைக்கச் சொல்லாதீர்கள், வேலையில் ஒரு பகுதியை முழுசாக அவர் கையில் கொடுங்கள்.

திட்டுவது தனியாக, பாராட்டுவது எல்லோர் முன்னாலும். பழைய விதிதான். உறவினருக்கு மட்டும் இரண்டையும் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள்.

கோடு எழுதுவதை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டியதில்லை, குறையும். கூகுள் 2008-இல் தன் மேலாளர்களைப் பற்றி ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ என்று ஓர் ஆராய்ச்சி நடத்தியது. நல்ல மேலாளரின் எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தினார்கள். தொழில்நுட்பத் திறன் பட்டியலில் இருந்தது, ஆனால் கடைசி இடத்தில். நல்ல பயிற்சியாளராக இருப்பதுதான் முதலில் வந்தது. பொறியாளர்களால் நிரம்பிய கம்பெனியிலேயே இந்தக் கதை.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், யாரும் காத்திருக்காத வேலைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சின்ன கருவி, ஒரு டெஸ்ட் ஸ்கிரிப்ட். அவசர வேலையின் நடுப்பகுதியை லீட் எடுத்துக்கொண்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

‘எத்தனை நாள் ஆகும்?’ என்று கேட்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்கிறேன். எப்படிப் பதில் சொல்வது?

ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். வேலையை இரண்டு நாளுக்கு மிகாத துண்டுகளாக உடையுங்கள். எந்தத் துண்டை உடைக்க முடியவில்லையோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம், அதைத் தனியாகச் சொல்லுங்கள். ‘மற்றதெல்லாம் எட்டு நாள். வங்கிக் கோப்புப் பகுதியை இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்’ என்பது நேர்மையான பதில்.

தாமதமாகிவிட்டால் மேலே இருப்பவர்கள் உடனே ‘இன்னும் இரண்டு பேரைத் தருகிறோம்’ என்பார்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 இயங்குதளம் உருவானபோது அதை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் உட்கார வேண்டுமே. ஆளை வாங்கிக்கொள்வதைவிட வேலையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்பதுதான் பெரும்பாலும் சரி.

பாரிஸ் மேனேஜர் காவடி அன்று ரிலீஸ் வைக்கிறார். எப்படி மறுப்பது?

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சொன்னால் சாக்குப் போலத் தெரியும். டிசம்பரிலேயே அடுத்த ஆண்டு நாள்காட்டியைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்: காவடி, மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, ஈத், பிப்ரவரி 1 (அடிமை முறை ஒழிந்த நாள்), மார்ச் 12 (தேசிய தினம்), தீபாவளி, நவம்பர் 2 (ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்த நாள்). கூடவே, காவடிக்கு முன்னால் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் இரவு வேலைக்கு வர மாட்டார்கள் என்பதையும். உங்கள் குழுவில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள், ஆகவே இது யாருக்கும் சலுகை கேட்பது ஆகாது.

புயலையும் சேருங்கள். நவம்பரிலிருந்து மே வரை எப்போது வேண்டுமானாலும் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை ஏறலாம், ஏறினால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். 2024 ஜனவரி 15-இல் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். மின்சாரம் போனால் யார் எங்கிருந்து வேலை பார்ப்பார், வாடிக்கையாளருக்கு யார் சொல்வார் என்று ஒரு பக்கத் திட்டம் ஜனவரிக்கு முன்பே இருக்கட்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதுகிறவரை எந்தத் தலைமையகமும் மறப்பதில்லை.

டொரண்டோ வாடிக்கையாளர். மீட்டிங் எல்லாம் மாலை ஆறு, ஏழு மணிக்கு. கைக்குழந்தை இருக்கிறது. பெண்கள் இதில் எப்படி மேலே வருவது?

டொரண்டோ நமக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் பின்னால். அவர்கள் காலை ஒன்பதுக்கு வரும்போது நமக்கு மாலை ஐந்தோ ஆறோ. இதை மாற்ற முடியாது, யார் அதில் உட்கார வேண்டும் என்பதை மாற்றலாம். வாரத்தில் இரண்டு நாள் உங்களுக்கு, மற்ற நாள் இன்னொருவருக்கு என்று சுற்று வைத்துக்கொண்டு, பேசியதைப் பத்து வரியில் எழுதிப் பகிர்வது என்று குழுவில் விதி ஆக்குங்கள். ஆண்களுக்கும் வீடு இருக்கிறது, அவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியும் மாலை மீட்டிங்கில் யார் உட்கார்ந்தார் என்பதை வைத்தே பதவி உயர்வு கொடுக்கும் இடமாக இருந்தால், குறை உங்களிடம் இல்லை. குழு மாறப் பாருங்கள்.

எம்பிஏ, பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ்) மாதிரி ஏதாவது வேண்டுமா?

கம்பெனி பணம் கட்டினால் படியுங்கள். இங்கே முதலாளிகள் பயிற்சி வரி கட்டுகிறார்கள். மனிதவள மேம்பாட்டு மன்றத்தின் வழியாகப் பயிற்சிச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடியும். எனவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். சொந்தக் காசைப் போட்டு முதல் ஐந்து வருடத்தில் எம்பிஏ படிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

அதைவிட, ஊரில் நடக்கும் டெவலப்பர் மாநாட்டில் ஒரு முறை மேடையேறிப் பேசுங்கள். நம் தீவிலிருந்து ‘ஹேக்கர்ஸ் டாட் மு’ என்ற தன்னார்வக் குழு ஐஇடிஎஃப் (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) ஹேக்கத்தான்களில் டிஎல்எஸ் 1.3 (இணையத் தொடர்பை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் தரம்) வேலையில் பங்கெடுத்தது. 2018 ஆகஸ்டில் அந்தத் தரம் வெளியானது, இன்று உலகத்தின் பிரவுசர்கள் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. அந்த மாதிரி ஒரு வரி உங்கள் பயோடேட்டாவில் இருந்தால் பேட்டி எடுப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

ஏஐ வந்துவிட்டது. இனி ட்ரெய்னியே எடுக்க மாட்டார்களாமே?

எடுப்பது குறைந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ட்ரெய்னிக்கு முன்பெல்லாம் கொடுக்கும் சின்னச் சின்ன டிக்கெட்டுகளை இப்போது கருவியே முடித்துவிடுகிறது. கவலை என்னவென்றால், அந்தச் சின்ன டிக்கெட்டுகளில்தான் நாங்கள் எல்லோரும் தொழில் கற்றோம்.

ஆனால் போனஸ் கதையைத் திரும்பப் பாருங்கள். கருவியிடம் ‘போனஸை இரண்டு தவணையாகப் பிரி’ என்றால் அழகாகப் பிரித்துக் கொடுக்கும். டிசம்பர் ஓவர்டைம் இன்னும் வரவில்லையே என்று அது தானாகக் கேட்கும் என்று நம்பி சம்பளத்தை அனுப்ப முடியுமா? கருவி எழுதியதைப் படித்து, எங்கே உடையும் என்று சொல்லத் தெரிந்த ட்ரெய்னியை நான் இன்றும் எடுப்பேன். பேட்டியில் கோடு எழுதச் சொல்வதைக் குறைத்துவிட்டேன். ஒரு பக்கம் கோடைக் கையில் கொடுத்து, ‘இதில் உனக்குப் பிடிக்காதது என்ன?’ என்றுதான் கேட்கிறேன்.

இருந்த இடத்திலேயே வளர்வதா, கம்பெனி மாறுவதா?

சம்பளத்துக்கு மாறலாம். தலைமைக்குப் பெரும்பாலும் இருந்த இடம்தான் சரி, ஏனென்றால் உங்கள் தீர்ப்பை நம்புகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புதிய இடத்தில் அந்த நம்பிக்கையை முதலிலிருந்து சேர்க்க வேண்டும். ஆனால் உங்களுக்கு மேலே இருக்கும் லீட் நல்லவராகவும் இளையவராகவும் இருந்து, அவரும் எங்கும் போகப்போவதில்லை என்றால், காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மாறுவதென்றால் இரண்டு விஷயம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டது, புதிய இடத்தின் பெயரில் அனுமதி கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதத்தை நீட்டாதீர்கள். அடுத்தது எல்லோருக்கும்: எபெனில் ஒரு கட்டடத்திலிருந்து விலகினால் பக்கத்துக் கட்டடத்தில்தான் சேர்வீர்கள். விலகும் மாதத்தில் வேலையை ஒழுங்காகக் கைமாற்றிக் கொடுத்தீர்களா என்பது மெட்ரோவில் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

மேனேஜர் ஆக எனக்கு விருப்பமே இல்லை. தப்பா?

இல்லை. நல்ல சீனியர் டெவலப்பர் கிடைப்பதுதான் இங்கே கஷ்டம். தொழில்நுட்பப் பாதையில் சம்பளமும் ஏறுமா என்று மட்டும் கம்பெனியிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் காகிதத்தில் அந்தப் பாதை இருக்கும், அதில் இதுவரை ஏறியவர் யார் என்று கேட்டால் பெயர் வராது. பெயர் வந்தால் தாராளமாக இருங்கள். வீட்டில் ‘எப்போது மேனேஜர் ஆகப் போகிறாய்’ என்று கேட்கும் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் என்னிடம் இல்லை.